கன்டெய்னருக்கு 54 ரூபாய்: துறைமுகச் சாலைப் போலீஸ் செலவை நம் ஏற்றுமதியாளர்கள் ஏற்கலாமா?

வாலாஜா கிளியரிங்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்ற நம் தோல், ஷூ ஏற்றுமதி ஊர்கள் எல்லாவற்றுக்கும் கடல் வாசல் சென்னைதான். ஆம்பூரில் சீல் போட்ட பெட்டி பள்ளிகொண்டா, சென்னசமுத்திரம், நெமிலி சுங்கச்சாவடிகளைத் தாண்டி மதுரவாயல் வருவது பெரிய பாடு இல்லை. அதன்பிறகுதான் பாடு. மாதவரம் ரவுண்டானா, மணலி எம்.எஃப்.எல். சந்திப்பு, சாத்தங்காடு, எர்ணாவூர், எண்ணூர் விரைவுச் சாலை, காசிமேடு, கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட். இந்த வழியில் மணலி டேங்கர் லாரியும் மீன்பிடித் துறைமுக வண்டியும் டவுன் பஸ்ஸும் நம் டிரெய்லரோடு சேர்ந்தே ஓடுகின்றன. ஒரு சந்திப்பில் சிக்னலை மீறி நாலு வண்டி உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும்.

என் யோசனை இது. இந்த வழியில் 10 சந்திப்புகளுக்கு இரவும் பகலும் தனியாகப் போக்குவரத்துக் காவலர் வேண்டும். ஓர் இடத்தில் ஒருவர் 24 மணி நேரமும் நிற்க வேண்டுமானால் மூன்று ஷிப்ட், வார ஓய்வு, விடுப்பு எல்லாம் சேர்த்து நாலரைப் பேர் தேவை. சந்திப்புக்கு இருவர் என்றால் 90 பேர். தலைக்கு மாதம் 50,000 என்று வைத்துக்கொள்வோம்: மாதம் 45 லட்சம், ஆண்டுக்கு 5 கோடியே 40 லட்சம். சென்னைத் துறைமுகம் ஆண்டுக்கு 15 லட்சம் டிஇயூவுக்கு (ஒரு 20 அடிப் பெட்டி ஒரு டிஇயூ) மேல் கையாளுகிறது. அதில் 10 லட்சம் சாலையில் போகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும் டிஇயூவுக்கு 54 ரூபாய்தான் வரும். வண்டி ஒரு நாள் நின்றால் போகும் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்றுமதியாளர்களே முன்வந்து கட்டுகிறோம் என்று சொல்லலாம்.

ராணிப்பேட்டை டிரெய்லர்

அண்ணே, கணக்கு சரி, நோய் வேற. வண்டி நிக்கிறது போலீஸ் இல்லாததால இல்ல, கேட் வண்டியை உள்ள வாங்காததால.

கேட்ல ஒரு வண்டிக்கு 3 நிமிஷம்னு வைங்க. ஒரு லேன்ல மணிக்கு 20 வண்டி, நாலு லேன்ல 80. இதுல ஒரு வண்டிக்கு ஃபார்ம் 13-ல (பெட்டியைக் கேட்டுக்குள்ள விடுற அனுமதித் தாள்) கப்பல் வாயேஜ் நம்பர் தப்பு. 15 நிமிஷம் அங்கேயே நிக்கும். அந்த லேன்ல அஞ்சு வண்டி போயிருக்க வேண்டிய நேரம் அது. நாலு லேன்லயும் மணிக்கு ரெண்டு வண்டி இப்படி மாட்டினா 80 இருந்தது 50-க்குக் கீழ இறங்கிடும். 40 அடி டிரெய்லர் முன்னாடி பின்னாடி இடைவெளியோட 20 மீட்டர் பிடிக்கும், அதனால 50 வண்டி நின்னா ஒரு கிலோமீட்டர் போச்சு. கேட் ரெண்டு மணி நேரம் மந்தமானா வரிசை அது பாட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல வளரும். அப்புறம் சந்திப்புல எத்தனை காக்கிச் சட்டை நின்னாலும் வண்டி எங்க போகும்? முன்னாடி இடம் இல்லையே.

போலீஸ் அதிகமா வந்தா நடக்கிறது என்னன்னா, "இங்க நிக்காத, எடு"ன்னு விரட்டுவாங்க. டிரைவர் வண்டியை எடுத்துட்டுப் போய் வேற தெருவுல நிறுத்துவார். வரிசை கலையும், திரும்பி வரும்போது கடைசி ஆளா நிப்பார். இ-சலான் ஓனருக்கு வரும். இதுக்கு நாங்களே காசு கட்டணுமா?

ஆம்பூர் ஷிப்பிங்

டிரெய்லர் அண்ணன் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். துறைமுகத்துக்குள் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படை. அந்தப் படை இலவசமாக நிற்பதில்லை, செலவைத் துறைமுகம் திருப்பித் தருகிறது. துறைமுகம் அதைத் தன் கட்டணத்தில் எடுக்கிறது. 2004 ஜூலையில் ஐஎஸ்பிஎஸ் என்ற கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் நடைமுறைக்கு வந்தபின் கப்பல் கம்பெனிகளின் பில்லில் பாதுகாப்புக் கட்டணம் என்று தனி வரி வந்தது. டெர்மினல் (பெட்டியைக் கப்பலில் ஏற்றி இறக்கும் தளம்) கையாளும் கட்டணம் வேறு. இப்போது வெளிச் சாலைக்கும் ஒரு வரி என்றால், கேட்டுக்கு உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை.

கட்டிய காசுக்கு வேலை நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? மதுரவாயல் – வாலாஜா சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தபோதும் சுங்கம் முழுசாகத்தான் வசூலானது. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, சாலையைச் சீர்செய்யும்வரை பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அதே சாலையில் ஓடும் நமக்கு இது மறக்கிற விஷயமா?

வாலாஜா கிளியரிங்

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கேட் மந்தமாவது உண்மை. ஆனால் மந்தத்தை முடக்கமாக மாற்றுவது ஒழுங்கில்லாத வரிசை. இடது லேனில் நிற்க வேண்டிய வரிசையை இரண்டாக்கி, பிறகு மூன்றாக்கி, எதிர்த்திசை வண்டியும் வர முடியாதபடி அடைக்கிறார்கள். காலிப் பெட்டியோடு வெளியே வரும் டிரெய்லர் வெளியேற முடியாவிட்டால் உள்ளே யார்டில் இடம் காலியாகாது, யார்டு காலியாகாவிட்டால் கேட் இன்னும் மெதுவாகும். இந்தச் சுற்றைச் சாலையில் வெட்டக்கூடியவர் காவலர் மட்டும்தான். ஆம்புலன்ஸ் போகவும் அந்த ஒரு லேன் திறந்திருக்க வேண்டும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு அந்தச் சாலையை விட்டால் வழி குறைவு.

ஃபார்ம் 13 தவறு யாருடையது? பாதிக்குமேல் நம் பக்கத்துத் தவறு. ஃபேக்டரியில் ஸ்டஃபிங் (பெட்டியில் சரக்கு நிரப்புவது) முடிந்ததும் பெட்டி எண்ணின் 11 இலக்கத்தையும் கதவில் பார்த்து எழுதாமல், புக்கிங் மெயிலிலிருந்து காப்பி செய்கிறார்கள். சுங்கத் துறைக்கான மின்னணு இ-சீல் எண்ணையும் கப்பல் கம்பெனியின் லைன் சீல் எண்ணையும் மாற்றிப் பதிகிறார்கள். வழியில் பிரேக்டவுன் ஆகி வண்டி மாறினால், போர்ட்டலில் வண்டி எண்ணைத் திருத்துவதில்லை. கேட்டில் கையடக்கக் கருவி சீலைப் படிக்கும்போது சுங்கத் துறையில் தாக்கல் செய்த ஷிப்பிங் பில்லோடு ஒத்துப்போகவில்லை என்று நிற்கிறது.

ஆம்பூர் ஷிப்பிங்

நம் பக்கத்துத் தவறை மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் நம் தலையில் வேண்டாம். எல்லாத் தாளும் சரியாக இருந்தும் நிற்கும் பெட்டிகள் உண்டு. ஸ்டஃபிங் முடிந்தபிறகு கப்பல் கம்பெனி டெர்மினலை மாற்றும். கப்பல் தள்ளிப் போய் கேட் திறக்கும் நேரம் மாறும். செய்தி வரும்போது வண்டி ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருக்கும். திரும்ப முடியாது, உள்ளேயும் விட மாட்டார்கள். சாலைதான் கிடங்கு.

ஷூ ஏற்றுபவர்களுக்கு இந்த நிற்றல் பணத்தோடு முடிவதில்லை. 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) பெட்டியில் 12 ஜோடி கார்ட்டன் சுமார் 680 பிடிக்கும், அதாவது 8,000 ஜோடிக்கு மேல். தோலும் அட்டையும் ஈரம் இழுக்கும் பொருள். வெயிலில் இரும்புப் பெட்டி சூடாகும்போது அட்டையிலிருக்கும் ஈரம் காற்றில் ஏறும், இரவில் கூரை குளிர்ந்ததும் துளியாகி மேல் வரிசைக் கார்ட்டனில் சொட்டும். நின்ற ஒவ்வொரு நாளும் இந்தச் சுழற்சி ஒருமுறை கூடுகிறது. பூஞ்சை ஹாம்பர்க்கில் கதவு திறக்கும்போதுதான் தெரியும். பூஞ்சைக்குப் பழைய மருந்தான டைமெத்தில் ஃப்யூமரேட்டை ஐரோப்பா 2009-லேயே தடை செய்துவிட்டது, ஆக உலர்பொருள் ஒன்றே வழி. ஏற்றும் முன் ஓர் ஆளைப் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வெளிச்சம் கசியும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைப் பலகை ஈரமாக இருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். கால்சியம் குளோரைடு பட்டைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிட வேண்டும். கார்ட்டனுக்கு நடுவே செருகினால் பயன் குறைவு. இத்தனையும் செய்து அனுப்பிய பெட்டி காசிமேட்டில் வெயிலில் நிற்கும்போது வயிறு எரிகிறது.

மேல்விஷாரம் தோல்

எல்லோரும் ஜீரோ கேட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் மீஞ்சூர் வரை ஊருக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. வண்டலூர் – மீஞ்சூர் சாலை மொத்தமே 62 கிலோமீட்டர், நமக்கு அதில் ஒரு பகுதிதான். அங்கிருந்து காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் இரண்டுக்கும் போகலாம். நகரத்தில் கனரக வண்டிக்கு இருக்கும் நேரத்தடை என்ற பேச்சே அந்த வழியில் இல்லை. ஏற்றுமதியாளர்கள் புக்கிங் போடும்போதே "காட்டுப்பள்ளி அல்லது எண்ணூர்" என்று கேட்டால் கப்பல் கம்பெனி சேவையை அங்கே மாற்றும். சரக்கு எங்கே குவிகிறதோ அங்கேதான் கப்பல் வரும். சென்னைத் துறைமுகம் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நிறுத்தியது. நகரத்தின் நடுவில் இருக்கும் துறைமுகத்துக்கு எல்லை உண்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. கன்டெய்னருக்கும் அதே முடிவு வரட்டும். போலீசுக்கு வரி கட்டி அந்த ஏற்பாட்டை நீட்டிக்க வேண்டாம்.

ஆம்பூர் ஷிப்பிங்

பாய், சொல்வது நியாயம், ஆனால் சின்ன ஏற்றுமதியாளர் கேட்கிற இடத்தில் இல்லை. எஃப்.ஓ.பி. விற்பனையில், அதாவது கப்பலில் ஏற்றும்வரைதான் நம் பொறுப்பு என்ற விற்பனையில், எந்தக் கப்பல் என்பதைச் சரக்கு வாங்குபவர் முடிவு செய்கிறார். அவர் சொன்ன ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் ஏற்பாட்டாளர்), அவர் சொன்ன லைன் (கப்பல் கம்பெனி). அந்த லைன் எந்த டெர்மினலுக்கு வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். காலிப் பெட்டியை எங்கே எடுப்பது என்பதும் அவர்கள் கையில். மாதவரம், மணலி யார்டில் காலி எடுத்து ஆம்பூர் வந்து, நிரப்பிக் காட்டுப்பள்ளி போனாலும், போகும்போது தப்பிய நெரிசலை எடுக்கும்போது அனுபவித்தாக வேண்டும்.

பாலாற்றங்கரை

காட்டுப்பள்ளிக்குப் போகட்டும் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் பாய். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று யோசித்தீர்களா? கொசஸ்தலையாறு கடலுக்கு வடிகிற இடம் அது. ஆற்று முகத்தை அடைத்தால் வெள்ளம் எங்கே போகும், இறால் குஞ்சு எங்கே வளரும்? பாலாற்றை இழந்த மாவட்டத்துக்காரர் இன்னோர் ஆற்றைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

காவல் செலவு பற்றி வாலாஜாக்காரரோடு உடன்படுகிறேன். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மாசு செய்பவரே அதன் செலவைக் கொடுக்க வேண்டும் என்றது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்படத் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு, அதைச் சுற்றுச்சூழல் நிதிக்குத் தரச் சொன்னது. சாலையை நிரப்பி, அடுத்தவர் நேரத்தையும் காற்றையும் எடுத்துக்கொள்பவர் அந்தச் செலவை ஏற்பதும் அதே நியாயம்தான். ஆனால் 54 ரூபாய் முழுதும் சென்னைக்கு ஏன்? அதே டிரெய்லர் வேலூர் கிரீன் சர்க்கிளில் நெரிசல் செய்கிறது, சத்துவாச்சாரியில் சர்வீஸ் சாலையை அடைக்கிறது. மாதனூர், பள்ளிகொண்டா பக்கம் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்திய வண்டியின் பின்னால் இருசக்கர வண்டிகள் மோதுகின்றன. நெடுஞ்சாலை ரோந்துக்கும் பங்கு வேண்டும்.

மேல்விஷாரம் தோல்

ஆற்றைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு தம்பி. நான் 6,000 ஏக்கர் விரிவாக்கத்தைக் கேட்கவில்லை. இப்போது அங்கே கட்டி முடித்திருக்கும் தளத்தையும், எண்ணூரில் இருக்கும் கன்டெய்னர் டெர்மினலையும் பயன்படுத்தச் சொல்கிறேன். புதிதாக ஒரு சதுப்பு நிலத்தை மூடுவதும், இருக்கும் தளத்தில் கூடுதல் கப்பல் வருவதும் ஒன்றல்ல.

ராணிப்பேட்டை டிரெய்லர்

பாலாற்றங்கரை தம்பி, ஓரத்துல நிறுத்துற வண்டியைப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கு போலீஸ் மருந்து இல்ல. கேட் எப்ப திறக்கும்னு தெரியாம கிளம்பின டிரைவர் எங்க நிப்பார்? டீசலுக்கும் சோத்துக்கும் கக்கூசுக்கும் வசதி இருக்கிற இடம் ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால கிடைக்கிறது கஷ்டம். அதனால பள்ளிகொண்டாலயே கட்டையைப் போடுறார். ஏசி இல்லாத கேபின்ல இன்ஜினை ஓடவிட்டு ஃபேனைப் போட்டுத் தூங்குவாங்க. மணிக்கு 2 லிட்டருக்கு மேல டீசல் சும்மா எரியும்.

வெளிவட்டச் சாலை ஓரத்துல 300 வண்டி நிக்கிற மாதிரி ஒரு யார்டு. தரை கான்கிரீட்டா இருக்கணும், மண் தரைன்னா மழையில ஜாக் போட முடியாது. சாப்பாடு, குளியல், விளக்கு. தாள் சரிபார்க்கிற கவுன்டர் அங்கேயே. தாள் சரியா இருந்தாத்தான் டோக்கன், டோக்கன்ல மணி போட்டிருக்கும், அந்த மணிக்குத்தான் யார்டை விட்டு வண்டி வெளியே வரும். இ-சீலை அங்கேயே படிச்சுக் கோளாறு இருந்தா ஓரமா ஒதுக்கலாம். 54 ரூபாயை இதுக்குக் கேளுங்க, நாளைக்கே கட்டுறோம். மாசு வழக்கைச் சொன்னீங்க. அங்க மாசு பண்ணது தோல் கம்பெனி. இங்க நெரிசலைப் பண்றது நேரம் சொல்லாத டெர்மினல். அப்ப யார் கட்டணும்?

பாலாற்றங்கரை

டெர்மினலும் கட்டட்டும். ஆனால் நேரத்துக்கு ஓடும் வண்டியும் சாலையைத் தேய்க்கிறது, புகையை விடுகிறது. லாபம் எடுக்கும் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதுதான் என் வாதம்.

ரயிலை ஏன் யாரும் பேசவில்லை? ஜோலார்பேட்டை, காட்பாடி, வாலாஜா ரோடு மூன்றும் சென்னைப் பாதையிலேயே இருக்கின்றன. துறைமுகத்துக்குள் தண்டவாளம் போகிறது.

வாலாஜா கிளியரிங்

ரயிலுக்கு முதல் தடை, ரேக் (ஒரு முழுச் சரக்கு ரயில்) நிரம்புவது. ஒரு கன்டெய்னர் ரேக்கில் 45 வேகன், 90 டிஇயூ. அதாவது 40 அடிப் பெட்டி 45. எல்லாம் ஒரே நாளில், ஒரே துறைமுகத்துக்குச் சேர வேண்டும். ரேக் நிற்க 700 மீட்டர் அளவுக்குத் தடம், தூக்கிவைக்க ரீச் ஸ்டேக்கர், சுங்கத் துறை அனுமதி பெற்ற யார்டு, எல்லாம் வேண்டும். ஆம்பூர் ஃபேக்டரியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு எப்படியும் டிரெய்லர் பிடிக்க வேண்டும். தூக்கி இறக்கும் கூலி இரண்டு முனையிலும் விழுகிறது. 200 கிலோமீட்டர் தூரத்துக்கு இது கட்டுபடியாகாது. தூத்துக்குடி, கொச்சி என்று 450, 500 கிலோமீட்டர் போனால் யோசிக்கலாம். மப்பேட்டில் வரும் பன்முகச் சரக்குப் பூங்கா முடிந்தால், பெட்டியைத் திருவள்ளூர் மாவட்டம் வரை சாலையில் கொண்டுபோய் அங்கிருந்து ரயிலில் ஏற்றும் வழி திறக்கும். அதுவரை டிரெய்லர்தான்.

மேல்விஷாரம் தோல்

அதுவரை, அதுவரை என்றே காலம் போகிறது. மதுரவாயல் – துறைமுகம் மேம்பாலச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நட்டார்கள். கூவத்தில் தூண் நிற்கிறது என்று 2012-ல் வேலை நின்றது. இரண்டடுக்குச் சாலையாக மாற்றி 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். பெங்களூரு – சென்னை விரைவுச் சாலை 262 கிலோமீட்டர் வந்தாலும் அது ஸ்ரீபெரும்புதூரோடு முடிகிறது. கடைசி 50 கிலோமீட்டர் யார் பொறுப்பு? 2009-ல் கேட்ட கேள்விதான் இது.

வாலாஜா கிளியரிங்

சட்டப் பக்கம் ஒன்று பார்க்க வேண்டும், என் முதல் யோசனையை அதற்கேற்ப மாற்றுகிறேன். போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பெருந்துறைமுகம் மத்தியப் பட்டியலில். மாநில அரசு வசூலித்தால் பணம் பொதுக் கணக்கில் போய்ச் சேரும். ஜீரோ கேட் சாலைக்கே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் 2021 பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டப்படி கட்டண விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் துறைமுக வாரியத்திடம் இருக்கிறது. வாரியமே டிஇயூவுக்கு ஒரு தொகை வைத்து, தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மாநகரக் காவல்துறைக்குச் செலவைத் திருப்பித் தரலாம். மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்குத் தருவதுபோலவே. டிரெய்லர் அண்ணன் கேட்கும் யார்டையும் அதே கணக்கில் சேர்க்கலாம்.

நிபந்தனையும் வைக்கலாம். பெட்டி வெளிவட்டச் சாலையைத் தொட்ட நேரம் ஃபாஸ்டேக்கில் இருக்கிறது, கேட்டுக்குள் போன நேரம் டெர்மினலில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வாரந்தோறும் வெளியிட வேண்டும். ஆறு மாதத்தில் குறையவில்லை என்றால் கட்டணம் தானாக நின்றுவிட வேண்டும். இதை மாவட்ட ஏற்றுமதி ஊக்குவிப்புக் குழுவில் ஆட்சியர் முன் வைத்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரும் சேர்ந்து அனுப்பினால் எடை இருக்கும்.

ஆம்பூர் ஷிப்பிங்

தனிக் கணக்கு, வாராந்திர நேர விவரம், ஆறு மாத நிபந்தனை மூன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு திருத்தம்: கேட் திறக்கும் நேரத்தை மாற்றிய டெர்மினலோ லைனோ, அந்த மாற்றத்துக்கு முன்பே கிளம்பிவிட்ட பெட்டிக்கு நிறுத்தக் கட்டணமும் டிடென்ஷனும் (பெட்டியைக் கூடுதல் நாள் வைத்திருப்பதற்கான கட்டணம்) போடக் கூடாது. இது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ராணிப்பேட்டை டிரெய்லர்

யார்டு முதல்ல, போலீஸ் அப்புறம். பணம் எடுக்கிற தேதியும் யார்டு திறக்கிற தேதியும் ஒண்ணா இருக்கணும். போலீசுக்கு இன்னைக்கு எடுத்துட்டு யார்டுக்கு அடுத்த வருஷம்னா நான் எதிர்ப்புதான். அப்புறம் வாலாஜா அண்ணே, மனுவுல டிஇயூன்னு மட்டும் எழுதாதீங்க. 40 அடின்னா ரெண்டு டிஇயூ, 108 ரூபா. ஷூ ஏத்துறவங்க எல்லாம் 40 அடிதான், சாலையில ஓடுறது ஒரே வண்டி, எடையும் ஈரத் தோல் ஏத்தின 20 அடியைவிடக் குறைவு. வண்டிக்கு இவ்வளவுன்னு எழுதுங்க.

வாலாஜா கிளியரிங்

வண்டிக்கு என்றே எழுதுகிறேன். சாலையில் இடம் பிடிப்பது வண்டிதான், அது நியாயம். யார்டு திறக்கும்வரை காவலர் வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியாது. நிலம் எடுத்து, கான்கிரீட் போட்டு, சுங்க அனுமதி வாங்க ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை எர்ணாவூரில் எதிர்லேனைத் திறந்து வைக்க ஆள் வேண்டும்.